நூல் இறுகினால் கூலி போகும்!

திருப்பதியில் முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் தையல் கடைகளில் இரவு வெகுநேரம் விளக்கு எரியும். மணப்பெண்ணின் பட்டு ரவிக்கைக்குப் பூவேலை செய்து, சொன்ன நாளில் கொடுத்தாக வேண்டும். சித்தூரிலும் அதே அவசரந்தான்.

1911-ல் வடஆற்காட்டிலிருந்து பிரிந்த பகுதிகளையும் சேர்த்து உருவானது சித்தூர் மாவட்டம். 2022-ல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் இந்த ஊர்களில் தையல் இயந்திரத்தை நம்பிப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

பட்டில் ஊசி குத்திய துளை எளிதில் மறையாது. பிரித்துத் தைத்தாலும் தழும்பு தெரியும். பீஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அன்றைய உழைப்பு வீண். துணிக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். பல சமயம் இதற்குக் காரணம், நூலின் 'டென்ஷன்' சரியாக இல்லாததே.

இரண்டு நூல்களின் இழுபறி

1846-ல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவே காப்புரிமை பெற்ற இயந்திரத்திலும் சரி, இன்றைய இயந்திரத்திலும் சரி, மேல் நூலும் கீழ் நூலும் பின்னிக்கொள்வதுதான் தையல். சாதாரணத் தையலில் இந்த முடிச்சு துணியின் நடுவே விழ வேண்டும். எம்பிராய்டரியில் அது சற்றுக் கீழே இறங்க வேண்டும். பட்டையாக நிரப்பிய பூவேலையைத் திருப்பிப் பார்த்தால், நடுவில் மூன்றில் ஒரு பங்கு கீழ் நூலும், இரு ஓரங்களில் மேல் நூலின் நிறமும் தெரிந்தால் சரி.

முதலில் பாபின்

பாபின் கேஸில் சேர்ந்த பஞ்சைத் தட்டிவிட்டு, நூலைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். லேசாகச் சுண்டினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். மளமளவென்று இறங்கினால் தளர்வு, அசையாவிட்டால் இறுக்கம். சிறிய திருகை வலப்பக்கம் திருப்பினால் இறுகும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது.

பிறகு மேல் நூல்

காலைத் தூக்கிவிட்டு நூல் கோத்தால்தான் அது டென்ஷன் தட்டுகளுக்குள் போய் உட்காரும். மேலே கீழ் நூல் எட்டிப் பார்த்தால் மேல் திருகைத் தளர்த்த வேண்டும். அடியில் மேல் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் இறுக்க வேண்டும்.

காலைக் கழற்றிவிட்டு வளையம் பிடித்துப் பூப்போடுகிறவர்கள் மறக்கும் விஷயம் ஒன்று: கால் இல்லாவிட்டாலும் அதன் லீவரைக் கீழே இறக்கியே தைக்க வேண்டும். இறக்காவிட்டால் தட்டுகள் நூலைப் பிடிக்காது. அடியில் நூல் சிக்கல்தான் மிஞ்சும்.

ஜரிகை நூலுக்கு இறுக்கத்தைக் குறைத்து, காது பெரிதான ஊசி போட்டு, நிதானமாக ஓட்ட வேண்டும்.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரி வந்த பிறகும் இந்த வேலை ஒழியவில்லை. பல ஊசி இயந்திரங்களில் ஒவ்வொரு நூலுக்கும் தனித் திருகு உண்டு. அதைச் சரிபார்ப்பது இன்றும் மனிதர் கைதான்.

அதே ரகத் துண்டுத் துணியில் ஒரு பூ தைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். கல்யாண ரவிக்கையில் கைவைப்பது அதற்குப் பிறகுதான்.