கண்ணைத் திருப்புவதா, தாளைத் திருப்புவதா? ஆட்டோகேட்டில் அச்சும் பார்வையும்

தமிழாசிரியருக்கு ஆட்டோகேட்டில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது.

தொழில்நுட்ப வரைகலை எடுக்கும் ஐந்தாம் படிவ மாணவர் ஒருவர் என்னிடம், "டீச்சர், எனக்கு 3டி வரவே வராது. இந்தப் பாடத்தை விட்டுடலாம்னு இருக்கேன்" என்றார். எஸ்.பி.எம். ஆண்டில் இது சின்ன விஷயமா? மடிக்கணினியைத் திறக்கச் சொன்னேன். பெட்டியின் முன்பக்கத்தில் போட நினைத்த வட்டம் அடியில் படுத்துக் கிடந்தது. முன்னாலிருந்து பார்த்தால் வெறும் கோடு! இருவரும் உட்கார்ந்து செய்து பார்த்தோம். தவறு அவர் திறமையில் இல்லை. 'வியூ' என்ற ஒரு சொல்லில் இருந்தது.

ஒரு சொல், இரண்டு வேலை

ஆட்டோகேட்டில் 'வியூ' என்றால் நாம் பொருளைப் பார்க்கும் கோணம். 'யூசிஎஸ்' கட்டளைக்குள்ளும் 'வியூ' என்று ஒரு தேர்வு உண்டு. அது அச்சுகளைத் திருப்பும். இரண்டும் வேறு வேறு. தமிழில் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்:

- பார்வை = நம் கண் இருக்கும் இடம்.
- யூசிஎஸ் = நாம் வரையும் தாள். எக்ஸ், ஒய் அச்சுகள் அந்தத் தாளில் கிடக்கும். இசட் அதிலிருந்து செங்குத்தாக எழும்பும்.

வட்டமும் எழுத்தும் தாளில்தான் விழும். ஆர்பிட் கொண்டு பொருளைச் சுழற்றினால் கண் மட்டும்தான் நகரும். தாள் அப்படியே இருக்கும்.

செய்து பாருங்கள்

1. 0,0,0 புள்ளியிலிருந்து நீளம் 60, அகலம் 40, உயரம் 30 உள்ள பெட்டி ஒன்றை வரையுங்கள்.
2. மையம் 30,15, ஆரம் 10 என்று வட்டம் போடுங்கள். அது பெட்டியின் அடித்தளத்தில் விழும்.
3. இப்போது யூசிஎஸ், எக்ஸ், 90 என்று கொடுங்கள். தாள் நிமிர்ந்து முன்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும்.
4. அதே 30,15, அதே ஆரம். வட்டம் இப்போது முன்பக்கத்தின் நடுவில்!

எண்கள் மாறவில்லை, தாள்தான் மாறியது. மாணவருக்குப் புரிந்த இடம் இதுதான்.

எதற்கு எது?

- கண்ணைத் தாளுக்கு நேராகக் கொண்டுவர: பிளான் கட்டளை, கரண்ட். தாள் மாறாது.
- தாளைத் திரைக்கு நேராகத் திருப்ப: யூசிஎஸ், வியூ. சாய்வான தோற்றத்தில் தலைப்பு எழுத இது நல்லது. எழுத்து நேராகத் தெரியும். ஆனால் இந்தத் தாளில் அளவு குறிக்காதீர்கள், உண்மை நீளம் வராமல் போகலாம். அளவு குறிக்க, தாளை அந்தந்தப் பக்கத்தோடு பொருத்துங்கள்.
- பழைய நிலைக்குத் திரும்ப: யூசிஎஸ், வோர்ல்ட்.

சத்தமில்லாமல் மாறும் இடம்

'யூசிஎஸ்ஆர்த்தோ' என்ற அமைப்பின் மதிப்பு வழக்கமாக 1. அப்போது பார்வைப் பட்டியலில் ஃபிரண்ட் என்று தேர்ந்தெடுத்தால் கண்ணோடு சேர்ந்து தாளும் திரும்பிவிடும். பிறகு ஐசோமெட்ரிக் பார்வைக்குப் போனாலும் தாள் பழைய நிலைக்கு வராது, முன்பக்கத்திலேயே நிற்கும். "நேத்து சரியா வந்துச்சே, இன்னிக்கு ஏன் வரல?" என்று மாணவர்கள் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான். மதிப்பை 0 ஆக்கினால் பார்வை மட்டும் மாறும். எது வைத்தாலும், வரையத் தொடங்கும்முன் அச்சுக் குறியைப் பாருங்கள்: எக்ஸ் சிவப்பு, ஒய் பச்சை, இசட் நீலம்.

ஆசிரியர்களே, "பார்வையை மாத்து" என்று மட்டும் சொல்லாமல், "கண்ணையா, தாளையா?" என்று கேட்டுப் பழக்குங்கள். அந்த மாணவர் பாடத்தை விடவில்லை. இப்போது நண்பர்களிடம் அவரே இந்தக் கேள்வியைக் கேட்கிறார்.