மந்திரி போன ஊரெல்லாம்

டெல்லி ஆங்கில நாளேடுகளில் 'மாண்டரின்' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். வெளியுறவு, நிதி, பாதுகாப்பு போன்ற பெரிய துறைகளில் கோப்புகளை நகர்த்தும் மூத்த அதிகாரிகளை அப்படித்தான் குறிப்பிடுவார்கள். அவர்களுக்கு மேலே இருப்பவர் மந்திரி. அவர் தேர்தலில் வென்று வந்தவர். இவர்கள் தேர்வு எழுதி வந்தவர்கள். பதவி வேறு, பாதை வேறு. ஆனாலும் இரு தரப்பும் சுமந்து நிற்பது ஒரே சொல்லைத்தான். வடமொழியில் பிறந்த மந்திரி, கடல் கடந்து மலாய் மொழிக்குப் போய், போர்ச்சுகீசியர் நாவில் உருமாறி, சீனத்து அதிகாரிகளுக்குப் பட்டமாகி, ஆங்கிலத்தின் கைபிடித்து 'மாண்டரின்' என்ற புதுப்பெயரில் டெல்லிக்கே வந்து சேர்ந்திருக்கிறார்.

நினைவில் பிறந்த சொல்

இதன் வேர் 'மன்'. வடமொழியில் அதற்கு நினைத்தல், எண்ணுதல் என்று பொருள். 'த்ர' என்ற விகுதி சேர்ந்தால் அது கருவியைக் குறிக்கும். பருகக் கருவியானது பாத்திரம். அதே முறையில், நினைக்கக் கருவியானது மந்திரம். பாரசீகர்களின் பழைய மறையான அவெஸ்தாவிலும் இதே சொல்லின் உடன்பிறப்பு உண்டு. மனத்தைக் குறிக்கும் லத்தீன் 'மென்ஸ்', ஆங்கில 'மைண்ட்' இரண்டும் இந்த வேருக்குத் தூரத்து உறவு.

மந்திரம் என்றதும் நமக்கு ஓதுவது நினைவுக்கு வரும். அதற்கு இன்னொரு பழம்பொருள் இரகசிய ஆலோசனை. மந்திரி பிறந்தது அந்தப் பொருளில். ஆலோசனை உடையவர், ஆலோசனை சொல்பவர் மந்திரி. அரசன் மூன்று அல்லது நான்கு மந்திரிகளோடு கலந்து பேச வேண்டும் என்கிறது அர்த்தசாஸ்திரம். பேசும் இடத்தைக் காக்க வேண்டும் என்பதில் அந்த நூலுக்கு அவ்வளவு கவலை. கிளியும் மைனாவும் நாயும்கூட இரகசியத்தை வெளியிட்டுவிட்டதாகக் கேள்வி என்று எச்சரிக்கிறது.

தமிழும் இந்தப் பொருளைக் கைவிடவில்லை. கம்பராமாயணத்தின் அயோத்தியா காண்டத்தில் 'மந்திரப் படலம்' உண்டு. அங்கே யாரும் மந்திரம் ஓதவில்லை. இராமனுக்கு முடிசூட்டுவது பற்றித் தசரதன் அவையோடு கலந்து பேசுகிறான். யுத்த காண்டத்தில் இராவணனுக்கும் ஒரு மந்திரப் படலம் இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் அரசன் வாய்மொழியாகச் சொன்ன ஆணையை எழுதும் அலுவலருக்குத் 'திருமந்திர ஓலை' என்று பெயர். 'பொன்னியின் செல்வன்' வாசகர்களுக்கு நெருக்கமான முதன்மந்திரி அநிருத்தப் பிரம்மராயர் வெறும் கற்பனைப் பாத்திரம் அல்லர். சுந்தர சோழர் அவருக்கு நிலம் கொடுத்ததை அன்பில் செப்பேடுகள் சொல்கின்றன. இன்றைக்கும் நாலு பேர் கூடிக் குசுகுசுவென்று பேசினால், "என்ன மந்திராலோசனை?" என்றுதானே கேட்கிறோம்!

மலாக்காவில் கிடைத்த புதுப்பெயர்

வணிகமும் சமயமும் ஏறிச்சென்ற கப்பல்களில் வடமொழிச் சொற்கள் கூட்டம் கூட்டமாகத் தென்கிழக்கு ஆசியாவுக்குப் போயின. மலாக்கா சுல்தானின் அரசவையைப் பார்த்தாலே அது விளங்கும். அங்கே முதல் அதிகாரி 'பெண்டஹாரா'. பண்டாகாரம், பண்டாரம் என்ற சொற்களின் உறவு. கடற்படைத் தலைவர் 'லக்சமானா'; இராமாயணத்து இலக்குவன்தான் அது. அவர்களோடு 'மென்தெரி'யும் இருந்தார். நம் மந்திரி.

1511இல் அல்புகெர்க் தலைமையில் போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். ஆசியாவின் ஆட்சியதிகாரிகளைக் குறிக்க அவர்களுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. காதில் விழுந்த 'மென்தெரி'யை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் 'மந்தார்' என்றால் கட்டளையிடுதல். அந்தச் சாயலும் ஒட்டிக்கொள்ள, சொல் 'மந்தரிம்' ஆயிற்று. ஆலோசனை சொல்பவர் ஆணையிடுபவராக மாறிய இடம் இதுதான். ஓசையில் ஏற்பட்ட சிறிய சாய்வு, பொருளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

போர்ச்சுகீசியர் 1513இல் சீனக் கரையைத் தொட்டார்கள். 1557இல் சீனத்தின் மக்காவ் பகுதியில் குடியேறினார்கள். அங்கே கடுமையான தேர்வுகளில் தேறி அரசுப் பணிக்கு வந்த அறிஞர்களைக் கண்டு வியந்தார்கள். சீனர்கள் அவர்களைக் 'குவான்' என்று அழைத்தார்கள். போர்ச்சுகீசியரோ கையோடு கொண்டுவந்த சொல்லையே சூட்டினார்கள். அதிகாரிகள் தமக்குள் பேசிய பொதுமொழிக்குச் சீனத்தில் 'குவான்ஹுவா', அதாவது அதிகாரிகள் பேச்சு என்று பெயர். அதுவும் ஐரோப்பியர் வாயில் மாண்டரின் மொழி ஆகிவிட்டது.

'மான் தா ரென்', அதாவது மஞ்சு இனப் பெரியவர் என்ற சீனத் தொடரிலிருந்து இந்தச் சொல் வந்ததாக ஒரு கதை உலவுகிறது. அது நிற்காது. மஞ்சுக்கள் பெய்ஜிங்கில் ஆட்சியேறியது 1644இல். அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே போர்ச்சுகீசியர் இந்தச் சொல்லைப் புழங்கிவிட்டார்கள்.

சீனர்கள் தம் மொழியை மாண்டரின் என்று சொல்வதில்லை. சீனாவில் அது 'புதோங்ஹுவா', தைவானில் 'குவோயூ', சிங்கப்பூரில் 'ஹுவாயூ'. ஆனால் சிங்கப்பூர் அரசியலமைப்பின் ஆங்கில வாசகம் மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் என்று நான்கு அதிகார மொழிகளைப் பட்டியலிடுகிறது. தமிழின் பக்கத்தில், சீன மொழி ஓர் இந்தியப் பெயரோடு நிற்கிறது.

பழத்திலும் பறவையிலும்

சொல் அங்கேயும் நிற்கவில்லை. சீனத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போன, தோல் எளிதில் உரியும் ஆரஞ்சு வகைக்கு மாண்டரின் என்ற பெயர் விழுந்தது. அதிகாரிகளின் அங்கியின் நிறம் காரணம் என்பது பரவலான விளக்கம். நம் கமலா ஆரஞ்சும் நாக்பூர் ஆரஞ்சும் தாவரவியலில் இந்த இனம்தான். 'ஆரஞ்சு' என்ற சொல்லும் வடமொழி 'நாரங்க'த்திலிருந்து பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பா போனது. அந்த நாரங்கத்துக்கே திராவிட வேர் உண்டு என்பது மொழியியலாளர் பலரின் முடிவு. நம் நார்த்தங்காய் அதற்கு உறவு. ஆக, மாண்டரின் ஆரஞ்சு என்ற பெயரில் இரண்டு பாதியும் இந்திய மண்ணில் முளைத்தவை. பல வண்ண இறகுகளுக்குப் பேர்போன கிழக்காசிய வாத்து ஒன்றுக்கும் மாண்டரின் வாத்து என்றே பெயர்.

1954இல் சிமோன் த பொவ்வார் தம் பிரெஞ்சு நாவலுக்கு 'மாண்டரின்கள்' என்று தலைப்பிட்டு, கோன்கூர் பரிசு பெற்றார். அதில் வருபவர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பாரிசின் எழுத்தாளர்கள், சிந்தனையாளர்கள். சுற்றிச் சுற்றி, சொல் தன் வேரான சிந்தனைக்கு அருகிலேயே போய்விட்டது.

ஒரே சொல், பல நாற்காலிகள்

மலேசியப் பிரதமர் 'பெர்டானா மென்தெரி'. அது நம் பிரதான மந்திரிதான். இந்தியில் 'பிரதான் மந்த்ரி'. சுல்தான்கள் உள்ள மாநிலங்களின் முதல்வரை மலேசியத் தமிழ் நாளிதழ்கள் 'மந்திரி பெசார்' என்றே எழுதுகின்றன. தாய்லாந்துப் பிரதமரின் பதவிப்பெயரில் நாயகர், ராஷ்டிரம், மந்திரி என்ற மூன்று சொற்களும் ஒளிந்திருக்கின்றன. சிங்களத்தில் 'மந்த்ரீ' என்றால் நாடாளுமன்ற உறுப்பினர். அமைச்சருக்கு அங்கே 'அமாத்ய' என்பதிலிருந்து வந்த 'அமதி'. தமிழின் 'அமைச்சர்' அமாத்யரிலிருந்து வந்ததா, 'அமை' என்ற தமிழ் வேரிலிருந்து வந்ததா என்பதில் அறிஞர்கள் இரு பக்கம் நிற்கிறார்கள். எப்படியிருந்தாலும் திருக்குறளின் 64ஆம் அதிகாரத்துக்கு 'அமைச்சு' என்றுதான் பெயர்.

என்னை மிகவும் ஈர்ப்பது ஜாவாவில் இந்தச் சொல் கண்ட வாழ்வு. மஜாபாகித் பேரரசில் அது பெரும்பதவி. டச்சுக்காரர் காலத்தில் அது கீழ்நிலை அலுவலர்களுக்கு இறங்கியது. அம்மை குத்துபவர் 'மந்த்ரி சச்சார்', காட்டைக் காப்பவர் 'மந்த்ரி ஹுத்தான்', சந்தையை மேற்பார்ப்பவர் 'மந்த்ரி பசார்'. இன்றைய இந்தோனேசியாவில் 'மென்தெரி' என்றால் ஜகார்த்தாவில் இருக்கும் அமைச்சர். 'மந்த்ரி' என்றால் கிராமத்தில் காயத்துக்குக் கட்டுப்போட்டு, ஊசி போடும் மருத்துவ உதவியாளர். இந்தோனேசிய மக்கள் வங்கியில், சிறு வணிகர்களுக்குக் கடன் தர வீடு தேடிவரும் ஊழியருக்கும் மந்த்ரி என்றுதான் பெயர்.

இதைப் பதவியிறக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போர்ச்சுகீசியர் இந்தச் சொல்லில் அதிகாரத்தை ஏற்றினார்கள். ஜாவாவின் கிராமத்தார் அதில் உதவியை ஏற்றினார்கள். முதற்பொருளுக்கு நெருக்கமாக இருப்பது இரண்டாவதுதான். மந்திரி என்பவர் யோசிக்க வேண்டியவர், நல்லது கெட்டதை எடுத்துச் சொல்ல வேண்டியவர், தேவைப்பட்டால் தலைவனையும் தடுத்து நிறுத்த வேண்டியவர். சைரன் வண்டியும் சிவப்புக் கம்பளமும் இந்தச் சொல்லுக்குள் எங்கும் இல்லை. அந்தப் பெயரில் அழைக்கப்படுபவர்கள் அதன் பொருளை ஒருமுறை அறிந்துகொள்ளட்டும். வாக்களிக்கும் நாமும் அந்தப் பொருளைக் கொண்டே அவர்களை அளப்போம்.