இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

எனக்குப் பெரிய தாத்தா முறை ஆகவேண்டிய ஒருவர் பனையிலிருந்து விழுந்தார். 1970களின் நடுவில் இருக்கும். ஆளுக்கொரு பக்கமாகக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக் கயிற்றுக் கட்டிலில் போட்டு, வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தொய்ந்த கட்டிலில் ஒடிந்த முதுகு என்ன பாடுபடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல்தான் வீடு திரும்பினார். சில வாரங்களில் முதுகுப்புண் வந்தது. வாழையிலை விரித்து அதன்மேல் கிடத்தினார்கள். திண்ணைப் பக்கம் போகாதே என்று பிள்ளைகளை அதட்டினார்கள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். மரத்திலிருந்து விழுந்து செத்தார் என்றே இன்றும் ஊரில் சொல்கிறார்கள். புண்ணும் சிறுநீரில் ஏறிய கிருமியும்தான் அவரைக் கொன்றன.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அவர் திண்ணையில் கிடந்த அதே நாட்களில், எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் சில மணி நேரத் தொலைவில், இதற்கான வழி தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயிற்சியில் இருந்த மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் 1954 ஜனவரியில் வண்டி கவிழ்ந்து தண்டுவடத்தில் அடிபட்டார். கால்கள் போயின. தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்திக்கொண்டிருந்த பால் பிராண்ட், உட்கார்ந்தபடியே அறுவை செய்யலாமே என்று அவரைக் கத்தி பிடிக்க வைத்தார். மேரி சக்கர நாற்காலியில் இருந்தே அந்தக் கைகளைச் சரிசெய்தார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தன் உடம்புக்குப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவத்தையே படித்தார். 1966இல் வேலூர் பாகாயத்தில் திறந்த மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சி. நோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைத்துப் பழக்கும் இடங்களில் நாட்டின் முன்னோடி அது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று அந்த நிலையம் அவர் பெயரில் இருக்கிறது.

அங்கே பெரிய மந்திரம் எதுவும் இல்லை. உணர்வில்லாத உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் எலும்புக்கும் படுக்கைக்கும் இடையில் நசுங்கும் தோலுக்கு ரத்தம் போகாது. தோல் செத்துப் புண்ணாகும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைப் புரட்ட வேண்டும். இரவிலும்தான். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் போரில் முதுகொடிந்த சிப்பாய்களை லுட்விக் குட்மன் பிழைக்க வைத்தது பெருமளவு இந்த ஒரு பிடிவாதத்தால்தான். இதற்குக் காசு செலவில்லை. ஆள் விழித்திருக்க வேண்டும், அவ்வளவே.

சிறுநீர் விஷயம் இதைவிடச் சிக்கல். குழாயை நிரந்தரமாகச் செருகி வைத்தால் கிருமி தங்கும்; விட்டுவிட்டால் பை நிரம்பி, பின்னோக்கி அழுத்தி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளி தானே மெல்லிய குழாயைச் செலுத்தி வடித்துவிட்டு எடுத்துவிடலாம், அறுவை அரங்கின் சுத்தம் தேவையில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும் என்று அமெரிக்க மருத்துவர் ஜாக் லாப்பிடஸ் 1972இல் எழுதினார். மருத்துவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் ஓட்டு வீட்டில் வாழும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய விடுதலை எது? நர்ஸை எதிர்பார்க்க வேண்டாம். பையைத் தொங்கவிட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகவும் வேண்டாம்.

இப்போது எங்கள் பக்கம் பனையேறுபவர்கள் குறைவு. இருசக்கர வாகனங்கள் அதிகம். நான்கு வருடம் முன்பு அடுத்த தெருப் பையன் ஒருவன் புறவழிச்சாலையில் விழுந்தான். 2008இல் தமிழ்நாட்டுக்கு வந்த 108 ஆம்புலன்ஸ் ஓடிவந்தது. கழுத்துப் பட்டை போட்டு, பலகையில் நேராகக் கிடத்தித் தூக்கினார்கள். கயிற்றுக் கட்டிலைப் பார்த்த கண்ணுக்கு அதுவே அதிசயம். விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியிருந்தது. உயிர் தப்பியது. ஆனால் 49ஆவது மணி நேரத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு வேறொரு கணக்கு ஆரம்பமானது. அறுவைக்குப் பணம் தரும் காப்பீடுகள், அதற்குப் பிந்தைய மாதங்கள் என்று வரும்போது பெரும்பாலும் கையை விரித்துவிடுகின்றன.

முதலில் நகரத்துத் தனியார் மையம் ஒன்றுக்குப் போனார்கள். குளிரூட்டிய அறை, நடக்கவைக்கும் இயந்திரம், பளபளக்கும் தரை. பத்தே நாளில் பிட்டத்தில் தோல் சிவந்துவிட்டது. இரவில் இருபது பேருக்கு ஒரு நர்ஸ். அதிலிருந்து, மறுவாழ்வு மையம் பற்றி யார் என்னிடம் விசாரித்தாலும் நான் சொல்வது இதுதான்: இயந்திரத்தைப் பார்க்காதீர்கள், இரவு மூன்று மணிக்கு யார் புரட்டுவார்கள் என்று கேளுங்கள்.

பிறகு வேறோர் இடத்தில் இரண்டு மாதம். அங்கே அம்மாவையும் கூடவே தங்கவைத்துப் பழக்கினார்கள். நம் ஊரில் நர்ஸ் வேலையில் முக்கால்வாசி எப்படியும் வீட்டாள் தலையில்தான் விடியும். அதை முறையாகச் சொல்லிக்கொடுத்துவிடுவது நல்லது. பையன் கண்ணாடியைப் பின்னால் பிடித்துத் தன் தோலைத் தானே பார்க்கக் கற்றான். வீல்சேரில் கையை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கி இறக்கக் கற்றான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற, குழாய் போட்டுக்கொள்ள, விழுந்தால் எப்படி எழுந்து ஏறுவதென்றும்கூட.

ஊர் திரும்பியபின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். அது தொடங்கிய 2021 ஆகஸ்டுக்கு முன்பு இதை யாரும் கற்பனை செய்திருக்க மாட்டார்கள். வாசலில் சிமெண்டுச் சரிவு போட்டாயிற்று. அதிலிருந்து இறங்கினால் தெருவில் மூடியில்லாத சாக்கடை. அதைத் தாண்ட இரண்டு பேர் தூக்க வேண்டும். செல்போன் பழுதுபார்க்கும் வேலையை அவன் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

அம்மாவின் போனில் இரவு 12, 2, 4 மணிக்கு அலாரம் அடிக்கும். பையன் தானே புரண்டு படுக்கப் பழகி இரண்டு வருடமாகிறது. “அதை அணைச்சுத் தொலைம்மா, எனக்குத்தான் தூக்கம் கெடுது” என்கிறான். சரி சரி என்கிறார். அடுத்த நாளும் அடிக்கிறது.