நேத்ரா (வான்வழி முன்னெச்சரிக்கை விமானம்)

நேத்ரா என்பது இந்திய வான்படையின் வான்வழி முன்னெச்சரிக்கை மற்றும் கட்டுப்பாட்டு விமானம் ஆகும். பெங்களூருவில் உள்ள, பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பைச் (டி.ஆர்.டி.ஓ.) சேர்ந்த வான்வழி அமைப்புகள் மையம் இதனை உருவாக்கியது. ராடாருடன், எதிரியின் ராடார், வானொலி அலைகளைக் கேட்டு அவை வரும் திசையை அறியும் மின்னணுப் போர்க் கருவிகளும் இதில் உள்ளன. எதிரியின் அலைகளை முடக்குவது மட்டுமே மின்னணுப் போர் எனப் பலர் எண்ணுவதுண்டு. ஓசையின்றிக் கேட்டுக்கொண்டிருப்பதும் அதன் ஒரு பகுதியே.

தேவை

பூமி வளைந்திருப்பதால், தாழப் பறந்து வரும் விமானம் தரையிலுள்ள ராடாருக்கு மிக அருகில் வந்த பின்னரே தென்படும். அதே ராடாரை உயரே கொண்டு சென்றால் அடிவானம் விரிகிறது. மொட்டை மாடியில் நின்று தெருக்கோடியைப் பார்ப்பது போன்றதே இது.

அரக்கோணம் விபத்து

இதற்கான முதல் முயற்சி 1980களில் தொடங்கியது. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் கட்டிய ஆவ்ரோ எச்.எஸ்.-748 விமானத்தின் முதுகில், சுழலும் பெரிய தட்டு வடிவக் கூடு பொருத்தப்பட்டது. ராடாரின் அலைவாங்கி அதனுள் இருந்தது. கூட்டுடன் அவ்விமானம் 1990இல் முதன்முதலாகப் பறந்தது. அதன் பின்னர் பல ஆண்டுகள் சோதனைகள் நடந்தன.

1999 சனவரி 11 அன்று, தமிழ்நாட்டின் அரக்கோணம் கடற்படை விமானத் தளத்திற்கு அருகே அவ்விமானம் விழுந்து நொறுங்கியது. பறக்கும்போதே அந்தக் கூடு பிய்ந்துபோனதாகக் கூறப்பட்டது. அறிவியலாளர்கள் நால்வரும் வான்படையினர் நால்வருமாக எட்டுப் பேர் உயிரிழந்தனர். ஆண்டுக்கணக்கில் பழகித் தேர்ந்த ஆட்களை இழந்ததே விமானத்தை இழந்ததைவிடப் பெரிய இழப்பு. திட்டம் நிறுத்தப்பட்டது.

மீண்டும் தொடக்கம்

2004இல் புதிய திட்டத்திற்கு ஒப்புதல் கிடைத்தது. இம்முறை சுழலும் கூடு இல்லை. முதுகின்மேல் நீண்ட பெட்டி போல நிற்கும் அமைப்பின் இரு பக்கங்களிலும் அசையாத அலைவாங்கிகள் உள்ளன. அலைக்கற்றை மின்னணு முறையில் திருப்பப்படுகிறது. பக்கத்திற்கு 120 பாகை வீதம் 240 பாகை தெரியும். நேர் முன்னும் நேர் பின்னும் ராடாருக்குப் புலப்படாதது இவ்வமைப்பின் குறை. ரஷ்ய விமானத்தில் இசுரேலிய ராடாரைப் பொருத்தி இந்தியா வாங்கிய ஃபால்கனுக்கு இக்குறை இல்லை. ஆனால் அது மிகப் பெரிய விமானம்.

நேத்ராவுக்காக 2008இல் பிரேசிலின் எம்ப்ரேயர் நிறுவனத்திடம் மூன்று இ.எம்.பி.-145 விமானங்கள் கேட்கப்பட்டன. முதலாவது 2012 ஆகத்தில் இந்தியா வந்தது. கருவிகள் பொருத்தி, சோதித்து, 2017 பிப்ரவரி 14 அன்று பெங்களூரு விமானக் கண்காட்சியில் வான்படையிடம் ஒப்படைக்கப்பட்டது.

பணி

2019 பிப்ரவரி 26 அன்று பாலாகோட் தாக்குதலுக்குச் சென்ற மிராஜ் 2000 விமானங்களுக்குத் துணையாக நேத்ராவும் பறந்தது. ஒரு முறை மேலெழுந்தால் ஏறத்தாழ 5 மணி நேரம் வானில் இருக்கும். பறந்தபடியே எரிபொருள் நிரப்பிக்கொண்டால் 9 மணி நேரம் வரை நீடிக்கும்.