பிள்ளைகள் குறைந்தும் வார்டு நிறைவது ஏன்?

"ஒண்ணாங்கிளாசுல சேக்கப் பிள்ளை இல்லேன்னு வாத்தியாருமாரு வீடு வீடா வாறாவ. ஆசுபத்திரியில மட்டும் இவ்வளவு பிள்ளைகள் எங்கேயிருந்து வருது மக்கா?" என்று கேரள எல்லையோரப் பாறசாலையில் பக்கத்து வீட்டு மைனி சாயாவை நீட்டிக்கொண்டே கேட்டார். பேரனுக்கு நாலு நாளாகத் தீனம். இடுப்பில் பிள்ளையோடு ஓ.பி. வரிசையில் நின்று களைத்து வந்திருந்தார். அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

மைனி பார்த்தது உண்மைதான். 2011 வாக்கில் கேரளத்தில் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கும் மேல் பிள்ளைகள் பிறந்தார்கள். 2023இல் அது 4 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. அதே ஆண்டுக் கணக்குப்படி, பிறக்கும் 1000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவர்கள் இங்கே 5 பேர். இந்தியா முழுக்கப் பார்த்தால் 25 பேர். இந்த 5 என்ற எண்ணுக்குள்ளேயே மைனியின் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. முன்பு ஒரு கிலோ எடையில், குறைமாதத்தில் பிறந்த குழந்தை பெரும்பாலும் தங்காது. இன்று தங்குகிறது. வாரக்கணக்கில் தீவிர சிகிச்சையில் கிடந்து வீட்டுக்கு வருகிறது. அதன் பிறகு கண் பரிசோதனை, காது பரிசோதனை, எடை, வளர்ச்சி, வலிப்பு வந்தால் அதற்கு மருந்து என்று வருடக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு வந்துபோகிறது. தலைகள் குறைந்திருக்கின்றன, ஒவ்வொரு தலைக்கும் ஆகும் வேலை கூடியிருக்கிறது.

இதயநோயிலும் இதே கதைதான். நாம் எஸ்.ஏ.டி. என்று சொல்லும் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரி யார் பெயரில் நிற்கிறது தெரியுமா? திருவிதாங்கூர் அரண்மனையின் இளவரசர் அவிட்டம் திருநாள் ராமவர்மா. 1944இல், ஆறு வயதில், வாத இதயநோயில் இறந்த பிள்ளை. தொண்டையில் வரும் ஒரு கிருமித்தொற்றைத் தொடர்ந்து இதய வால்வுகளைக் கெடுக்கும் நோய் அது. பென்சிலின் சாதாரண வீடுகளுக்கு எட்டாத காலம். அரண்மனையாலும் அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த நினைவில் 1952இல் திறந்த இடத்துக்கு இன்று வரும் இதயநோய்ப் பிள்ளைகளில் பலர் பிறவியிலேயே குறையோடு வருபவர்கள். 2017இல் தொடங்கிய 'ஹிருத்யம்' திட்டத்தில் பதிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இவர்கள். அவர்களும் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் வார்டுக்குத்தான் வருவார்கள். அந்தக் கூட்டத்தை நான் சந்தோஷமாகவே பார்க்கிறேன்.

இன்னொரு கூட்டம் மழையோடு வருவது. கொரோனா அடைப்புக் காலத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் தொடவில்லை. சாதாரணச் சளிக் கிருமிகளைக்கூடச் சந்திக்கவில்லை. பிறகு அங்கன்வாடியும் பள்ளியும் திறந்ததும் இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் படுத்தார்கள். அந்த அலை தணிந்தாலும் மழைக்கால நெருக்கடி ஆண்டுதோறும் வரத்தான் செய்கிறது. இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தையின் மூச்சுச் சிறுகுழாய் வைக்கோல் தண்டைவிட மெலிது. உள்ளே கொஞ்சம் வீங்கிச் சளி கட்டினாலே காற்றுப் போகும் வழி பாதி அடைபட்டுவிடும். குழந்தைக்கு மூச்சிரைக்கும், பால் குடிக்க முடியாது. இது பெரும்பாலும் வைரஸ் வேலை. ஆன்டிபயாடிக் இதற்கு ஒன்றும் செய்யாது. மூக்கைச் சுத்தம் செய்வது, நீர்ச்சத்து குறையாமல் பார்ப்பது, தேவைப்பட்டால் ஆக்சிஜன் கொடுப்பது, இவ்வளவுதான் சிகிச்சை. ஆனால் அந்த ஆக்சிஜனுக்குப் பக்கத்தில் இரவு முழுக்கக் கண் விழித்துப் பார்க்க நர்ஸ் வேண்டும். கட்டில்களை எண்ணிக் கணக்குச் சொல்கிறவர்கள் இதை எண்ணுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

எல்லையோரக்காரர்களான நமக்கென்று தனிச் சிக்கல்களும் உண்டு. தலைப்பிரசவம் அம்மா வீட்டில். அதனால் பிள்ளை பிறப்பது தமிழ்நாட்டுக் குழித்துறையில், வளர்வது பாறசாலையில். தடுப்பூசி அட்டை அம்மா வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. ஊசி போட்டதா இல்லையா என்று தெரியாத பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், டாக்டர் எத்தனையோ நோய்களை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. காப்பீடும் அப்படித்தான். காருண்யா திட்டம் இந்தப் பக்கம், முதலமைச்சர் காப்பீடு அந்தப் பக்கம். ரேஷன் கார்டு களியக்காவிளையைத் தாண்டியிருந்தால், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியா எஸ்.ஏ.டி.யா என்பதை அவசரத்துக்கு முன்பே விசாரித்து வைக்க வேண்டும்.

மருந்தும் எல்லை தாண்டும். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். காரணம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்த இருமல் சிரப். அது தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடும் கேரளமும் அந்த மருந்தை நிறுத்தின. 12 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்து விற்கக் கூடாது என்று கேரளம் கண்டிப்பாகச் சொன்னது. இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்தே வேண்டாம் என்பது மத்திய அரசின் அறிவுரை. இந்தக் கடையில் தரவில்லை என்றால் எல்லையைத் தாண்டி அந்தக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று தயவுசெய்து போகாதீர்கள்.

"அப்போ நேரே மெடிக்கல் காலேஜுக்கே போனா என்னா?" என்றார் மைனி. எல்லோரும் நினைப்பதுதான். பாறசாலையிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல்; நடுவே பாலராமபுரம் நெரிசல். மூச்சு வாங்கும் பிள்ளைக்கு முதல் ஆக்சிஜன் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ கிடைக்க வேண்டும். பிறகு 108 ஆம்புலன்சில் போகலாம்.

எப்போது ஓட வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பிள்ளை அழாமல் இருக்கும்போது, ஒரு நிமிடம் முழுசாக மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அதைத் தொட்டாலோ, மூச்சு இழுக்கையில் நெஞ்சுக்கூட்டின் அடிப்பாகம் உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, மூத்திரம் குறைந்தாலோ, நேரம் பார்க்காமல் கிளம்புங்கள். டெங்கு ஓடும் நாட்களில் காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடாதீர்கள். ஆபத்தான ஒன்றிரண்டு நாள் அப்போதுதான் தொடங்கும். வயிற்றுவலியோ நிற்காத வாந்தியோ இருந்தால், உடம்பு குளிர்ந்திருந்தாலும் கொண்டுபோக வேண்டும்.

மைனி பேரனின் சட்டையைத் தூக்கினார். செல்போன் கடிகாரத்தை வைத்து எண்ணினோம். முப்பத்திரண்டு. அவனுக்கு வயது மூன்று.