குழந்தையின் கையில் கனி

காலை ஆகாரம் முடிந்து, தகப்பனார் பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்காருகிறார். மடியில் ஆறு மாதக் குழந்தை. அவருடைய ஒரு கையில் உரித்த வாழைப்பழம். குழந்தைக்குத் தேர்தற் செய்தியில் சிரத்தையில்லை, பழத்தையே உற்றுப் பார்க்கிறது, எட்டிப் பிடிக்கிறது, பிடித்ததை நேரே வாய்க்குக் கொண்டுபோகிறது. உடனே அடுக்களையிலிருந்து பாட்டியின் குரல் எழுகிறது: "அடே, பழத்தைப் பிடுங்கடா! தொண்டையை அடைக்கும், சளி பிடிக்கும்!" பழம் பிடுங்கப்படுகிறது. குழந்தை அலறுகிறது. பிறகு ஒரு டப்பா திறக்கப்படுகிறது, மாவு வெந்நீரில் கரைக்கப்படுகிறது, கரண்டி வருகிறது. பழத்திற்குத் தாவிய அதே குழந்தை கரண்டியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

இக்காட்சியில் நியாயம் யார் பக்கம்? பெரும்பாலும் குழந்தையின் பக்கமே என்பது நமது அபிப்பிராயம். குழந்தை வளர்ப்பு மாதர் விஷயமென்று எண்ணி இந்தப் பத்தியைத் தாண்டிப்போக விரும்பும் நண்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். டப்பாவைக் கடையில் விலை கொடுத்து வாங்கி வருகிறவர் பெரும்பாலும் ஆடவரே. பழக்கடையைக் கடந்து, அதைத் திரும்பியும் பாராமல் வருகிறவரும் அவரே.

குழந்தைக்கு 6 மாதம் நிறையும் வரை தாய்ப்பாலே போதும். அதன்பின் பாலுடன் வேறு ஆகாரமும் சேரவேண்டும். தாய்ப்பாலும் 2 வயது வரையிலும், அதற்கு மேலும் தொடரலாம். இது உலக சுகாதார ஸ்தாபனத்தின் தீர்மானம். ஆகாரம் கொடுப்பது எவ்விதம் என்பதில்தான் நமது வீடுகளில் ஒரே ஒரு வழி நிலைத்திருக்கிறது. குழைத்து, வடிகட்டி, வாயில் ஊட்டுவதே அது. குழந்தைக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. விழுங்குவது மாத்திரமே அதன் கடமை.

வேறொரு வழியும் உண்டு. இங்கிலாந்தில் நெடுங்காலம் சுகாதார ஊழியராக வீடு வீடாகச் சென்று தாய்மார்களுக்கு யோசனை கூறிவந்த ஜில் ராப்லே என்னும் மாது, ட்ரேஸி மர்க்கெட் என்பவருடன் சேர்ந்து 2008ஆம் வருஷத்தில் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் கூறுவதன் சாரம் மிக எளியது. தலை நிமிர்ந்து உட்காரவும், பொருளைப் பற்றி வாய்க்குக் கொண்டுபோகவும் கற்றுக்கொண்ட குழந்தைக்கு ஊட்டவேண்டிய அவசியமில்லை. கையாற் பிடிக்கத்தக்க மிருதுவான உணவை எதிரே வைத்துவிட்டால், எதை, எவ்வளவு, எப்பொழுது தின்பதென்று அது தானே நிர்ணயித்துக்கொள்ளும். சுயராஜ்யம் பெற்று 75 வருஷங்களுக்கு மேலாகிவிட்ட தேசத்தில், சாப்பாட்டுத் தட்டளவிலாவது அதைச் சிசுவுக்கும் அளிப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இராதென்று நம்புகிறோம்.

இந்த எண்ணம் ராப்லே அம்மையாருக்கும் முற்பட்டது. 1926ஆம் வருஷம் முதல் அமெரிக்காவில், முதலில் கிளீவ்லாந்து நகரத்திலும் பிறகு சிக்காகோவிலும், கிளாரா டேவிஸ் என்னும் பெண் வைத்தியர் ஒரு விசித்திரமான பரீக்ஷை நடத்தினார். பாலைத் தவிர வேறொன்றும் உண்டறியாத 15 குழந்தைகளைத் தம் பராமரிப்பில் வைத்துக்கொண்டார். வாழைப்பழம், ஆப்பிள், பீச், அன்னாசி முதலிய கனிகள், காய்கறிகள், தானியங்கள், மாமிசம், முட்டை, பால் என்று முப்பதுக்கு மேற்பட்ட பண்டங்களின் பட்டியல் ஒன்று வகுத்து, அவற்றை வேளைக்குச் சில கிண்ணங்களாகத் தட்டில் வைத்தார். தாதி பக்கத்தில் மௌனமாக உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தை ஒரு கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டினாலன்றி அவள் கரண்டியை எடுக்கக்கூடாது. தின்னென்று முகக்குறிப்பாலும் தூண்டக்கூடாது. ஒரு குழந்தை சில நாள் வாழைப்பழமாகவே தின்னும். பிறகு அதைத் தொடாது. என்றாலும் மாதக்கணக்கில் பார்த்தால் எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தன. எலும்பு மெலியும் ரிக்கெட்ஸ் நோயுடன் வந்த ஒரு குழந்தை, தட்டில் வைத்திருந்த மீனெண்ணெயை நோய் தீரும் வரை தானாகவே எடுத்துப் பருகிற்றாம்!

ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கூட்டத்தை வைத்துக்கொள்ளாமல் நடத்திய பரீக்ஷை இது. இக்காலத்துச் சாஸ்திரிகள் இதை முடிந்த முடிபாகக் கொள்ளமாட்டார்கள். ஆனால் டேவிஸ் அம்மையாரே 1939ஆம் வருஷத்தில் ஓர் உண்மையை ஒளியாமற் சொன்னார். இதில் தந்திரமெல்லாம் குழந்தையிடத்தில் இல்லை, பட்டியலில்தான் இருக்கிறது என்பது அது. அந்தப் பட்டியலில் சர்க்கரை இல்லை. டப்பாவில் அடைத்த பண்டம் ஒன்றும் இல்லை. அவை இருந்திருந்தால் குழந்தைகள் அவ்வளவு புத்திசாலித்தனமாகத் தேர்ந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

டப்பா விஷயத்திற்கு இதனால்தான் வருகிறோம். 2024ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஸ்விட்ஸர்லாந்து தேசத்துப் பப்ளிக் ஐ என்னும் ஸ்தாபனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அத்தேசத்துப் பெரிய கம்பெனியொன்று இந்தியாவில் விற்கும் குழந்தைத் தானிய மாவில், ஒரு வேளை அளவுக்குச் சராசரி 3 கிராமுக்குச் சற்றுக் குறைவான சர்க்கரை கூட்டப்பட்டிருக்கிறதென்றும், அதே பெயருள்ள மாவு ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் சர்க்கரை கூட்டாமல் விற்கப்படுகிறதென்றும் அது கூறிற்று. தங்கள் சரக்கு சட்டத்திற்கு உட்பட்டதே என்று கம்பெனியார் பதில் சொன்னார்கள். இருக்கலாம். ஐரோப்பியக் குழந்தையின் நாவுக்குத் தேவையற்றது நமது குழந்தையின் நாவுக்கு மாத்திரம் ஏன் தேவையாயிற்று என்பதே நாம் கேட்பது. 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குரிய ஆகாரங்களை விளம்பரம் செய்யலாகாதென்று 1992ஆம் வருஷத்துச் சட்டமும் 2003ஆம் வருஷத்துத் திருத்தமும் நமது தேசத்தில் அமலில் இருக்கின்றன. விளம்பரம் செய்யக்கூடாத சரக்கு எப்படி வீட்டுக்கு வீடு பெயர் தெரிந்ததாயிற்று? யோசித்துப் பார்க்க வேண்டியதே.

பழத்துக்கு விளம்பரம் செய்வார் இல்லை. கன்னியாகுமரி ஜில்லாவின் மட்டிப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வூரார் அதற்கு வெகுகாலம் முன்பே அதைச் சிசுவுக்கு ஏற்ற முதற் கனியாக அறிந்திருந்தனர். விரல்போல் மெல்லிய அப்பழம், குழந்தையின் பிடிக்கு அளவெடுத்து அமைத்தாற்போலவே இருக்கிறது. விருப்பாக்ஷி, சிறுமலை மலைவாழைகளுக்கு 2008இலேயே அப்பெருமை கிடைத்தது. நேந்திரம்பழம் சற்றுத் திண்ணியது. அதை ஆவியில் வேகவைத்து நீளவாக்கில் நறுக்கினால் குழந்தைக்கு ஏற்றதாகும். எந்த வாழைப்பழமானாலும், தோலை நன்றாகக் கழுவி, மேற்பாதியை மட்டும் உரித்துக் கீழ்ப்பாதித் தோலைக் கைப்பிடிபோல் விட்டுக் கொடுத்தால் வழுக்காது.

பப்பாளியைக் கண்டால் நமது வீடுகளில் அநாவசியமான பயம் உண்டு. பழுத்த பப்பாளி, ஏ வைட்டமினாக மாறும் மஞ்சட் சத்தும் ஸி வைட்டமினும் நிறைந்தது, விலையும் அற்பம். பெரியவர் விரலளவு நீளத்தில் நறுக்கி, வறுத்த கேழ்வரகு மாவிலோ பொட்டுக்கடலை மாவிலோ லேசாகப் புரட்டிக் கொடுத்தால் கையில் நிற்கும். மாவின் சத்தும் உடன் போய்ச் சேரும். மாம்பழத்தையும் இவ்வாறே செய்யலாம். கார்பைடுக் கல்லால் பழுக்கவைத்த பழத்தை மாத்திரம் வாங்கலாகாது. அக்கல்லில் ஆர்ஸெனிக் என்னும் விஷமும் பாஸ்பரஸும் கலந்திருப்பதுண்டு. ஆகவேதான் சட்டம் அதைத் தடுத்திருக்கிறது. சப்போட்டா மெத்தென்றது, விதையைத் தேடி எடுத்துவிட வேண்டும். ஆப்பிளும் பேரிக்காயும் பச்சையாக ஆகா. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் நசுங்கும் வரை வேகவைக்க வேண்டும். இந்த விரற் பரீக்ஷை எல்லாப் பழத்துக்கும் பொருந்தும். பழச்சாறு 1 வயது வரை வேண்டாமென்பது அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2017இல் சொன்ன யோசனை. சாறு பிழிந்தால் நார் போய்விடுகிறது. இனிப்பு மாத்திரம் மிஞ்சுகிறது. தேனைத் தொட்டுக் கொடுக்கும் வழக்கமும் 1 வயதுக்குள் ஆபத்தானது. பாட்டுலிஸம் என்னும் கொடிய வியாதிக்குக் காரணமான கிருமியின் வித்து அதில் இருக்கக்கூடும்.

வாழைப்பழத்தால் சளி பிடிக்கும் என்பதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. சளி, கிருமியால் வருவது. ஆனால் பாட்டி சொன்ன மற்றொரு பயத்தை அப்படித் தள்ளிவிட முடியாது.

பழம் தொண்டையில் அடைக்குமா? நியூஜிலாந்து தேசத்து ஒடாகோ சர்வகலாசாலையார் 206 குழந்தைகளைக் கொண்டு இதை ஆராய்ந்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதியாருக்கு, தானே எடுத்துத் தின்னும் முறையை அபாயமற்ற உணவுகள் எவையென்னும் விவரத்துடன் கற்பித்தார்கள். மறு பகுதியார் வழக்கம்போல் நடந்துகொண்டார்கள். மூச்சடைப்பு இரு பகுதியிலும் ஒரே அளவாகவே இருந்தது. ஆயினும் 7 மாதத்தில் ஏறக்குறையப் பாதிக் குழந்தைகளுக்கு, அடைக்கக்கூடிய பண்டம் ஏதேனும் கொடுக்கப்பட்டிருந்ததும் அதில் வெளியாயிற்று. ஆகவே முறை குற்றமன்று. பண்டத்தைத் தேர்வதிலேதான் குற்றம் நேருகிறது. முழு திராட்சை, சீதாப்பழ விதை, நாவற்பழம், இலந்தை, வழுக்கும் நுங்குத் துண்டு, பச்சை ஆப்பிள், நிலக்கடலை முதலிய கொட்டைகள் ஆகிய இவை சிசுவின் கைக்கு எட்டலாகாது. திராட்சையை நீளவாக்கில் நான்காகப் பிளந்தே கொடுக்க வேண்டும்.

குமட்டலுக்கும் மூச்சடைப்புக்கும் உள்ள பேதத்தையும் தகப்பனார் அறிந்திருக்க வேண்டும். சிசுவுக்குக் குமட்டும் உணர்ச்சி நாவின் முற்பகுதியிலேயே இருக்கிறது. துண்டு சற்று உள்ளே போனதும் முகம் சிவந்து, சத்தமிட்டு, வெளியே தள்ளிவிடும். அது இயற்கையின் காவல். விரலை விட்டுத் தோண்டுவதே கெடுதி. அடைப்பு நேர்ந்தால் சத்தமே இராது. அப்பொழுது குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்களுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 முறை தட்ட வேண்டும். பயனில்லையேல் மல்லாத்தி, மார்பின் நடுவே இரு விரலால் 5 முறை அழுத்த வேண்டும். மாறி மாறிச் செய்துகொண்டே உதவிக்கு ஆள் அழைக்க வேண்டும். குழந்தை நேராக உட்கார்ந்தே தின்ன வேண்டும். தின்னும் பொழுது பெரியவர் ஒருவர் எதிரே இருந்தே ஆகவேண்டும். டேவிஸ் அம்மையாரின் தாதி மௌனமாக இருந்தாளேயன்றி எழுந்து போகவில்லை.

பழத்தைப் புகழ்ந்த நாமே அதன் குறையையும் சொல்ல வேண்டும். பிறக்கும்பொழுது தாயிடமிருந்து கொண்டுவந்த இரும்புச் சத்தின் சேமிப்பு 6 மாதத்தளவில் கரைந்துபோகிறது. தாய்ப்பாலில் அது மிகக் குறைவு. 100 கிராம் வாழைப்பழத்திலோ அரை மில்லிகிராம்கூட இல்லை. 2019 முதல் 2021 வரை நமது தேசத்தில் நடந்த குடும்ப சுகாதாரக் கணக்கில், 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 67 பேர் இரத்தச் சோகையுள்ளவர்கள் என்று தெரிந்தது. 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதிய ஆகாரம் பெற்றவர்கள் 100க்கு 11 பேரே! கனியை மாத்திரம் கொடுத்துத் திருப்தியடைகிற வீட்டுக் குழந்தையும் அந்த 67 பேரிற் சேர்ந்துவிடக்கூடும். ஆகவே பப்பாளித் துண்டின் பக்கத்திலேயே மசித்த பருப்பு, கேழ்வரகுக் களி, வெந்த முட்டை, முள் நீக்கிய மீன், ஈரல் என்று அவரவர் வீட்டு வழக்கத்துக்கு ஒத்த ஒன்று இருக்கட்டும். அங்கேதான் பழம் தன் மற்றோர் உபகாரத்தைச் செய்கிறது. அதிலுள்ள ஸி வைட்டமின், பருப்பிலும் தானியத்திலும் உள்ள இரும்பை உடல் ஏற்றுக்கொள்ளத் துணை செய்கிறது. களியையும் மசித்த பருப்பையும் கரண்டியில் எடுத்து, அக்கரண்டியையே குழந்தையின் கையில் கொடுத்துவிடலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், எடை ஏறாத குழந்தைக்கும் மாத்திரம் வைத்தியரைக் கேட்டே இம்முறையைத் தொடங்க வேண்டும்.

முதல் சில வாரங்களில் பழத்தின் பெரும்பகுதி வயிற்றுக்குப் போகாது. தலைமயிரிலும், தகப்பனாரின் வேஷ்டியிலும், விரித்த பத்திரிகையின் தலையங்கத்திலும் அப்பிக்கிடக்கும். அதுவரை பால் இருப்பதால் குழந்தைக்கு நஷ்டமில்லை. கீழே ஒரு பழைய துணியை விரித்துவைத்தால் போதும்; அத்துணியை அலசிப் போடுவதைத் தாயின் தலையில் சுமத்தாமல், மடியில் குழந்தையை வைத்திருந்தவரே செய்யலாம்.