மண்பானை கற்பிக்கும் பாடம்



சித்திரை பிறந்துவிட்டால் டில்லிவாழ் தமிழர்களாகிய நமக்குப் பேச்செல்லாம் வெயிலைப் பற்றியதாகிவிடுகிறது. மேற்கிலிருந்து 'லூ' என்னும் அனற்காற்று வீசத் தொடங்குகிறது. 2024ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் தேதியன்று சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸை எட்டிற்று. இத்தகைய நாளில் குளிர்சாதன யந்திரம் உள்ள அறையில் கதவைச் சாத்திக்கொள்பவர் பிழைத்தார். ஆனால் அவ்யந்திரம் வெப்பத்தை அழிப்பதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து, தான் இயங்குவதால் உண்டாகும் வெப்பத்தையும் அதனுடன் சேர்த்து, வெளியே தள்ளுகிறது. தெருவோரத்தில் துணிக்கு இஸ்திரி போடுபவரும், ஆட்டோ ஓட்டுபவரும், வாயிற்காவலரும் அதனைத் தாங்குகின்றனர். நம் குளிர்ச்சி பிறருக்கு வெப்பமாகாதிருக்க வழி உண்டா? இக்கேள்விக்கு இயற்கை நெடுங்காலமாகவே விடை கூறி வருகிறது.

அவ்விடையை நம் பாட்டிமார் சமையலறை மூலையிலே மணலைப் பரப்பி அதன்மேல் வைத்திருந்தனர். மண்பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் எண்ணிறந்தவை உள்ளன. அவற்றின் வழியே நீர் கசிந்து, வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு நீருக்கு வெப்பம் வேண்டும். பனிக்கட்டியாகும் நிலையிலுள்ள நீரைக் கொதிநிலைக்குக் கொணரச் செலவாகும் வெப்பத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேல், அதே அளவு நீரை ஆவியாக்கத் தேவைப்படுகிறது. இவ்வெப்பத்தின் பெரும்பகுதியைப் பானையும் அதனுள் இருக்கும் நீருமே கொடுத்துவிடுவதால் நீர் குளிர்கிறது. நம் உடல் வியர்ப்பதும் இதே காரணத்திற்காகத்தான்.

தேனீக்களும் இவ்வித்தையை அறிந்துள்ளன. கூட்டினுள் வெப்பம் மிகுந்தால் அவை நீரைக் கொணர்ந்து அறைகளின்மேல் மெல்லியதாகப் பரப்புகின்றன. பிறகு சிறகால் விசிறுகின்றன. இவ்வாறு, புழுக்கள் வளரும் பகுதியை ஏறத்தாழ 35 டிகிரி வெப்பத்திலேயே காத்துவருகின்றன.

பானையையும் தேன்கூட்டையும் ஒன்றாக இணைத்துப் பார்த்தவர் டில்லியைச் சேர்ந்த கட்டிடக்கலைஞர் மோனிஷ் சிரிபுரபு. அடுத்துள்ள நொய்டாவில் தேகி எலெக்ட்ரானிக்ஸ் என்னும் தொழிற்சாலையில் டீசல் மின்னாக்கி வெளியிட்ட வெப்பக்காற்று அங்குள்ளோரை வருத்திற்று. அவருடைய 'ஆன்ட் ஸ்டூடியோ' நிறுவனத்தார் சுட்ட களிமண்ணாலான குழல்களை நூற்றுக்கணக்கில் தேன்கூட்டு அறைகள்போல் அடுக்கினர். மேலிருந்து நீரை வழியவிட்டு, கீழே சேர்ந்ததை மீண்டும் மேலேற்றினர். குழல்களின் ஊடே காற்று புகுந்து செல்லும்போது ஈரம் ஆவியாகிறது, காற்று குளிர்கிறது. 50 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்துடன் புகுந்த காற்று, சுமார் 36 டிகிரியில் வெளிவந்தது என்பது அமைத்தவர்கள் அளந்து கூறிய கணக்கு. தேன்கூட்டு வடிவம் இங்கு அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. சிறிய இடத்தில் மிகுந்த பரப்பைக் காற்றுக்கு அளிப்பதே அதன் பயன். நீரேற்றும் பம்புக்கு மட்டுமே மின்சாரம் வேண்டும். குழல்களைச் செய்யக் குயவரின் கைத்திறனே போதும்.

இயற்கையின் வடிவத்தைப் பார்த்து எழுதுவது வேறு, அதன் செயலைப் பயில்வது வேறு என்பதற்கு டில்லியிலேயே இன்னொரு சான்று உண்டு. ஈரானியக் கட்டிடக்கலைஞர் ஃபரிபோர்ஸ் சாஹ்பா அமைத்து, 1986ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தாமரைக் கோயிலுக்கு 27 சலவைக்கல் இதழ்கள் உள்ளன. காண்போர் இதழ்களை வியக்கின்றனர். ஆயினும் உள்ளே குளிர்ச்சி தருபவை, சுற்றியுள்ள ஒன்பது நீர்நிலைகளே. அவற்றின்மேல் தவழ்ந்து வரும் காற்று, கீழ்த்தளத் திறப்புகளின் வழியே மண்டபத்தினுள் ஏறி, வெப்பமுற்று, உச்சியின் வழியாக வெளியேறுகிறது.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. காற்று உலர்ந்திருந்தால்தான் நீர் விரைந்து ஆவியாகும். ஆகவே, டில்லியில் மே மாதத்தில் கைகொடுக்கும் இம்முறை, ஆடி மழையில் தளர்ந்துவிடுகிறது. கடற்காற்றின் ஈரம் நிறைந்த சென்னையில் ஒருபொழுதும் அத்துணைப் பயன் தராது. மேலும், தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் நகரில் நீரையும் கணக்கிட்டே செலவிடவேண்டும். ஓரிடத்து விடையை மற்றோர் இடத்திற்கு அப்படியே பெயர்த்துச் செல்லலாகாது என்பதும் இயற்கை கற்பிக்கும் பாடமே.

புதிதாக டில்லிக்கு வருவோர்க்கு ஒரு சொல். நாமும் முதற்கோடையில் 'கூலர்' பெட்டியை வாங்கி, குளிர்ச்சி போய்விடுமே என்று அஞ்சி, சன்னல்களையெல்லாம் அடைத்தோம். சற்று நேரத்தில் அறை புழுங்கிற்று, உடல் பிசுபிசுத்தது. அடுத்த வீட்டு அம்மையார் வந்து எதிர்ச்சன்னலைத் திறந்துவிட்ட பின்னரே மூச்சு வந்தது. ஈரக்காற்று வெளியேற வழியிருந்தால்தான் உலர்ந்த காற்று உள்ளே வரும். நீரும் மேலும் ஆவியாகும்.

பானையை நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். வர்ணம் பூசிய பானையை வாங்காதீர்கள். வர்ணம் நுண்துளைகளை அடைத்துவிடும். டில்லியின் உப்புநீரும் நாளடைவில் அவற்றை அடைப்பதால், கோடைதோறும் புதுப்பானை வாங்குதல் நன்று. மேற்குச் சன்னலில் வெட்டிவேர்த் தட்டியைத் தொங்கவிட்டு நனைத்து வாருங்கள். அறை குளிரும், ஊரின் மணமும் உடன் வரும். அதனால் தெருவில் நிற்பவர்மீது நம் வெப்பம் சென்று விழாது.